மாமா செத்துக் காட்டிய சனிக்கிழமை

என் பெரிய மாமா பதினான்கு தடவை செத்திருக்கிறார். ஒன்பது தடவை துப்பாக்கியால், இரண்டு தடவை கத்தியால், ஒரு தடவை லாரி மோதி, ஒரு தடவை ஆற்றில் மூழ்கி, ஒரு தடவை மாரடைப்பில். எல்லாம் பிரெஞ்சுப் படங்களில். பதினைந்தாவது தடவை அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில், எங்கள் வீட்டு வாசல் புல்வெளியில் செத்தார். அதற்குக் காரணம் நான்.

மாமா என் உம்மாவின் மூத்த அண்ணன். அவர்களுக்குக் காரைக்கால். அந்த ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களில் உம்மாவுடையதும் ஒன்று. உம்மாவிடமும் அந்தப் பாஸ்போர்ட் இருந்தது. கல்யாணம் செய்துகொண்டு அவர் வந்து சேர்ந்தது டெக்சாஸுக்கு. மாமா அந்தப் பாஸ்போர்ட்டோடு பதினெட்டு வயதில் பாரிஸுக்கே போனார்.

படித்து ஆபீஸ் வேலைக்குப் போவார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உச்சரிப்பு சரியாக வந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மாலை வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு எடுத்த அம்மாள் நாடகக்காரர். பழைய நாடக வசனங்களைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வாராம். கூடப் படித்தவர்கள் உச்சரிப்பு வந்ததும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாமா மேடைக்குப் போய்விட்டார்.

முதல் சில வருடங்கள் வசனமே கிடையாது. காவல்காரன், தீப்பந்தம் பிடிப்பவன். பிறகு ஒரு வரி கொடுத்தார்கள், பிறகு ஒரு பக்கம். நாற்பது வயதில், பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன அரங்கத்தில், ராஜாவாக நடித்தார். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நாடகம் ஓடியது. ஆனால் சினிமாக்காரர்களுக்கு அதே முகத்தில் ராஜா தெரியவில்லை. டாக்ஸி ஓட்டுகிறவர், மூலைக் கடைக்காரர், சமையல்காரர், அகதி. கதை சூடுபிடிக்க யாராவது ஒருத்தர் சீக்கிரம் சாக வேண்டுமென்றால் மாமாவைக் கூப்பிட்டார்கள்.

"மேடையில ராஜா, சினிமாவுல மய்யித்து" என்று தன் முப்பது வருடத் தொழிலை அவர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்.

இது எதுவும் எனக்குப் பத்து வயது வரை தெரியாது. மாமா பாரிஸில் இருக்கிறார், அவ்வளவுதான். யாரோ ஊருக்குக் கொண்டுவந்த பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, உம்மாவின் வாப்பா "கூத்தாடிக்கு இந்த வீட்டுல வாசல் கெடையாது" என்று சொல்லிவிட்டதும், அதற்குப் பிறகு மாமா ஊர்ப் பக்கமே வராததும் பெரியவர்களின் கதைகள்.

உம்மாவின் வாப்பா இறந்த மறு வருடம், உம்மா மூன்று தடவை போன் செய்து கூப்பிட்ட பிறகு, வசந்த காலத்தில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரே ஒரு சின்னப் பை. உயரமாக, மெலிந்து, நரைத்த தாடியோடு இருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் வராத சுத்தமான காரைக்கால் தமிழ் பேசினார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். உம்மா அவருக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாரே தவிர, அவர் எதிரில் உட்கார்ந்து பேசி நான் பார்க்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் ஐபேடில் மாமாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். முதல் வீடியோவிலேயே அவர் டாக்ஸிக்குள் ரத்தம் வழியச் சாய்ந்து கிடந்தார். கத்திக்கொண்டே ஹாலுக்கு ஓடினேன். மாமா சோபாவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, யூ ஆர் டெட்!"

"எந்தப் படத்துல?" என்றார், ஒரு சுளையை என்னிடம் நீட்டியபடி.

அதன் பிறகு தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒரு மரணம். இருவரும் சேர்ந்து பார்ப்போம். உம்மா மட்டும் அந்த அறைக்குள் வரமாட்டார். பழங்களைத் தட்டில் போட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அப்போது வாப்பாவின் தம்பிக்கு, எங்கள் சாச்சாவுக்கு, பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். டாலஸ் பக்கத்தில் இர்விங் என்ற ஊரில் இரண்டு மளிகைக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம். ரொம்ப மரியாதையான மனிதர்கள். ஒரு சனிக்கிழமை மதியம் அவர்களைப் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று காலை வாப்பா என்னைக் கூப்பிட்டு, "மாமா பாரிஸ்ல ரெஸ்டாரன்ட் வச்சிருக்காங்க. யாராச்சும் கேட்டா அவ்ளோதான் சொல்லணும், ஓகே?" என்றார்.

பின்னால் மாமா நின்றிருந்ததை வாப்பா கவனிக்கவில்லை.

"நல்ல ரெஸ்டாரன்டா மாப்புள? எத்தன பேர் உக்காரலாம்?"

வாப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். இந்த ஒரு நாள் மட்டும். அவங்க கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டு..."

"இதுல என்ன இருக்கு. இதுவும் ஒரு வேஷம்தானே" என்று சொல்லி மாமா சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டார்.

அந்த வேஷத்தை அவர் நடித்த அழகை என்ன சொல்ல. பெண்ணைப் பெற்ற இர்விங் அங்கிள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. பாரிஸில் வெங்காயம் என்ன விலை, வேலைக்கு ஆட்கள் ஏன் நிற்பதில்லை, வாடகை எப்படி ஏறுகிறது. அங்கிள் பாதிப் பேச்சில் நாற்காலியை மாமாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க டாலஸ்ல ஒண்ணு ஸ்டார்ட் பண்ணுங்க நானா, நான் ஹெல்ப் பண்றேன்" என்று சொந்த அண்ணனிடம் பேசுவதுபோலச் சொன்னார். வாப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்களோடு வந்திருந்த இரண்டு பையன்களும் என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவர்கள். வாசலில் விளையாடும்போது, தங்கள் உறவுக்காரர் ஒருவர் கலிபோர்னியாவில், பிளசன்டனில், எவ்வளவு பெரிய வீடு கட்டியிருக்கிறார் என்று அளந்துகொண்டிருந்தார்கள். நான் பதிலுக்கு என் மாமா மூவி ஆக்டர் என்று சொல்லிவிட்டேன்.

"நோ வே. ஹி செல்ஸ் ஃபுட்" என்றான் பெரியவன்.

உள்ளே ஓடிப்போய் மாமாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். மாரடைப்புப் படத்தில் செத்த மாதிரி ஒரே ஒரு தடவை செத்துக் காட்ட வேண்டும் என்று கெஞ்சினேன். மாமா வெங்காய விலையிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"பிரியாணி வர எவ்ளோ நேரமாவும்?"

"டென் மினிட்ஸ்."

"போதும்."

மாமா கையில் ஆரஞ்சுப் பையோடு நடைபாதையில் சாதாரணமாக நடந்து வந்தார். தபால் பெட்டி அருகே நின்றார். எதையோ மறந்துவிட்டவர் போல நெற்றியைச் சுருக்கினார். பை நழுவி ஆரஞ்சுகள் தெருவில் உருண்டன. ஒரு கை தபால் பெட்டியைப் பிடித்தது. இன்னொன்று மார்புக்குப் போகவே இல்லை, காற்றில் யாரையோ தேடியது. பிறகு முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, புல்லில் கிடந்தார். வயிறு ஏறி இறங்கவில்லை.

பையன்கள் அலறிவிட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து நாயோடு வந்துகொண்டிருந்த பெண்மணி போனை எடுத்து அவசர உதவிக்கு 911-ஐ அழைத்துவிட்டார். நான் மட்டும் பெருமையில் நின்றிருந்தேன்.

அலறலைக் கேட்டு உம்மா வெறுங்காலோடு, கையில் கரண்டியோடு ஓடி வந்தார். மாமாவைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே புல்லில் விழுந்தார்.

"நானா! நானா! கண்ணத் தொறங்க நானா!" தோளைப் பிடித்து உலுக்கினார். "நான்தானே வராதீங்கன்னு சொன்னேன்... என்னய மன்னிச்சிருங்க நானா... என் வாயாலதானே சொன்னேன்..."

உம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. இது நடிப்பு என்று சொல்ல உம்மாவின் தோளைத் தொட்டேன், அவர் திரும்பவே இல்லை. மாமாவுக்கு உம்மாவின் குரல் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. உம்மா சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடியபடியே கிடந்தார். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துளி நழுவிக் காதுப் பக்கம் போனது. பிறகு எழுந்து உட்கார்ந்து, உம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். உம்மா அவர் முதுகில் இரண்டு அடி அடித்துவிட்டு, மறுபடி அழுதார்.

ஆம்புலன்ஸ் வந்தது. கூடவே தீயணைப்பு வண்டியும். அவர்கள் மாமாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். விருந்தினர்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். வாப்பா ஒரு கணம் இர்விங் அங்கிளைப் பார்த்தார். பிறகு புல்லில் உட்கார்ந்திருந்த அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

"ஹி இஸ் மை பிரதர் இன் லா" என்றார். "ஹி இஸ் அன் ஆக்டர். இன் பாரிஸ்."

"வெரி குட் ஒன்" என்றார் ஆம்புலன்ஸ்காரர், எதிர்வீட்டுப் பெண்மணி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து.

பிரியாணி பரிமாறப்பட்டது. இர்விங் ஆன்ட்டி மட்டும் மெதுவாகக் கேட்டார், "அப்ப அந்த ரெஸ்டாரன்ட்?"

"இன்னைக்கோட மூடிட்டோம் தங்கச்சி" என்றார் மாமா.

இரண்டு மாதம் அவர்களிடமிருந்து போனே இல்லை. பிறகு வந்தது. சாச்சாவின் கல்யாணமும் நடந்தது. அதற்கு மாமாவும் வந்தார். ஆரஞ்சு விஷயத்தைக் கேட்டுச் சிரித்த கல்யாணப் பெண்ணே அவருக்குத் தனியாகப் பத்திரிகை அனுப்பியிருந்தாள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் உம்மா சொன்னார். அவருடைய வாப்பா இறந்தபோது உம்மா ஊரில் இருந்தார். மாமா டிக்கெட் எடுத்து, பாரிஸ் விமான நிலையத்திலிருந்து போன் செய்திருக்கிறார். கூடியிருந்த பெரியவர்கள் போனை உம்மாவின் கையில் கொடுத்து, ஜனாஸா நேரத்தில் ஒரு பேச்சு வேண்டாம், வராதீங்க என்று சொல்லச் சொன்னார்கள். உம்மா சொல்லிவிட்டார். "சரிம்மா" என்று சொல்லித் திரும்பிப் போன மாமா அன்று சாயங்காலமும் மேடை ஏறினாராம்.

இதெல்லாம் தெரியாத நான், மாமா செத்துக் காட்டியதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் ஒரு விமர்சகரைப் போல உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, யூ மெஸ்ட் அப். கண்ணுல தண்ணி வந்துச்சு. டெட் பீப்பிள் டோன்ட் க்ரை. அந்த பாய்ஸ் பாத்துட்டாங்க."

மாமா காபியைக் கீழே வைத்தார். யோசித்தார்.

"ஆமாம்மா" என்றார். "தப்புப் பண்ணிட்டேன்."

இவ்வளவு பெரிய நடிகரைத் திருத்திவிட்ட பெருமையில் நான் இன்னொரு தோசை கேட்டேன். அடுப்புப் பக்கமிருந்து கருகல் வாசனை வந்தது. உம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பாமலே நின்றிருந்தார். உம்மாவுக்கும் இன்றைக்கு ஒன்றும் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.