கலர் கலராக எரியும் கீபோர்டுக்குப் பொட்டு உண்டா

எங்கள் வீட்டில் ஆயுத பூசையன்று எந்தச் சாமானுக்குப் பொட்டு வைப்பது என்று முடிவு செய்வது நான்தான். மாமியார் போன பிறகு என் கைக்கு வந்த அதிகாரம் அது. இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேலை செய்கிற சாமானுக்குத்தான் பொட்டு. மண்வெட்டி, களைசுரண்டி, அரிவாள், அருவாமணை, மருந்தடிக்கிற மிஷின், மகனுடைய பைக் எல்லாம் வரிசையில் வரும். மிக்சிக்கு உண்டு. டிவிக்குக் கிடையாது. மின்விசிறிக்கும் கிடையாது, சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று வீசுவதை வேலை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்ஜ் வந்து இரண்டு வருசம் நெற்றி காலியாகத்தான் நின்றது. சித்திரை வெயிலில் மாவு புளிக்காமல் காப்பாற்றியதைப் பார்த்த பிறகுதான் அதற்குச் சந்தனம். வாடகை டிராக்டர் ஊருக்குள் வந்து, எங்கள் கலப்பை மூலையில் சாய்ந்ததும் அதற்குப் பொட்டை நிறுத்திவிட்டேன். அப்போது என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். என்னோடு பேசாமல் இருந்து பார்த்தார். நானும் பேசவில்லை. கடைசியில் காப்பி கேட்க அவர்தான் வாயைத் திறந்தார்.

இப்படி நடத்திக்கொண்டுவந்த என்னிடம் போன வருசம் ஒரு வழக்கு வந்தது. மருமகள் ஒரு கீபோர்டு வாங்கினாள். அதன் ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் லைட்டு எரிந்தது. சும்மா எரியவில்லை. சிவப்பு ஓடி, பச்சையாகி, நீலமாகி, திரும்பச் சிவப்பு வந்தது. கோவில் கொடைத் திருவிழாவில் சாமி சப்பரத்தில் சீரியல் பல்ப் ஓடுமே, அதே ஓட்டம்.

மருமகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். கோவில்பட்டியில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர், கையால் எழுதியதைப் போட்டோ பிடித்து இவள் போனுக்கு அனுப்புவார். இவள் அதைத் தமிழில் அடித்துத் திருப்பி அனுப்புவாள். அதற்கு ஒரு பழைய லேப்டாப் வைத்திருந்தாள். அதில் பட்டன்கள் பல் விழுந்த மாதிரி ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன என்று சொல்லித்தான் தனியாக இந்தக் கீபோர்டு. பல் விழுந்தால் பல் கட்டலாம். தங்கப் பல் எதற்கு என்பது என் கேள்வி.

எங்கள் வீட்டில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. மகனுக்கு நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு. விடிந்து மில் வேனில் வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டு, உள்ளறையில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் படுத்தான் என்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். இன்டர்நெட் பெட்டியும் அந்த அறையில்தான். அதனால் மருமகளும் கஞ்சி காய்ச்சுகிற வேலையை முடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி உண்டு. அது வழியாகப் பட்டப்பகலில் சிவப்பும் பச்சையும் நீலமும் முன்னறைத் தரையில் ஓடிவந்து என் காலைத் தொடும். நான் காலை இழுத்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுக்குக் குழை கொண்டு போகிறவள், வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏ மைனி, உள்ள என்ன டான்ஸா நடக்கு? கலர் லைட்டுல்லா ஓடுது."

"டான்ஸு இல்ல. மருமவ கம்ப்யூட்டர்."

"என்ன செய்யுதா அதுல?"

"என்னத்தச் செய்யுதா. சும்மாத்தான் இருக்கா. பொழுது போகணும்லா."

அதைச் சொன்னபோது உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பக் கேட்டது.

புரட்டாசியில், ஆயுத பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு மழை பெய்தது. கரிசலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பாசிப்பயறையும் போட்டாக வேண்டும். எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்போம். அந்த வாரத்தில் எல்லார் காட்டிலும் விதைப்பு நடக்கும். கூலிக்கு ஆள் கிடைக்காது. வீட்டில் திடமான பெண் ஒருத்தி இருக்கும்போது நான் ஏன் வீடு வீடாகப் போய் ஆள் கெஞ்ச வேண்டும்? சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"ஏட்டி, இந்த வருசம் வெதப்புக்கு நீ வரணும்."

"பத்திரம் குமிஞ்சு கெடக்கு அத்த."

"பத்திரம் கெடக்கோ, படம் ஓடுதோ, எனக்கு எப்படித் தெரியும்? கதவு சாத்துன ரூமுக்குள்ள கலர் கலரா எரிஞ்சா பாக்குதவ என்ன நெனைப்பா?"

"அது வேலை அத்த."

"வேலையா வேடிக்கையான்னு ஆயுத பூசைக்குள்ள பாத்துச் சொல்லுதேன். பொட்டு வச்சேன்னா அது வேலை. நீ இங்கன இருந்துக்க. வைக்கலைன்னா மறுநாளு என்கூடக் காட்டுக்கு வந்திரணும்."

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "பொட்டு இல்லாம டிவி ஓடலையா? அதுபாட்டுக்கு ஓடட்டும், விடுங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. சட்டியை வைத்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. ராத்திரி மில்லுக்குக் கிளம்பும்போது மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "யம்மா, அவ வந்து நாலு வருசமாச்சு. அவ செய்யுறத ஒரு நாளாவது நீ வேலைன்னு சொல்லிருக்கியா?"

"வேலையா இருந்தா சொல்லுவேன்" என்றேன். நான் கண்ணால் பார்க்காமல் எதையும் சொல்கிறவள் இல்லை.

அதனால் மறுநாள் கண்ணால் பார்க்கவே போனேன். மகன் தூங்கியதும் சத்தமில்லாமல் கதவைத் திறந்து, அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே கண்ணைக் கட்டின மாதிரி இருட்டு. லேப்டாப்பின் வெளிச்சத்தைக் குறைத்து, முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்திருந்தாள். மடியில் அந்தக் கீபோர்டு எரிந்தது. அதில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் எண்களில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இங்கிலீஷ் எழுத்தும் தமிழ் எழுத்தும் வேறு என்பதும் எனக்குத் தெரியும்.

"தமிழு எங்கட்டி?" என்று குசுகுசுத்தேன்.

"வெரலுக்குத் தெரியும் அத்த. நான் கீழ பாக்கவே மாட்டேன்."

"பாக்கவே மாட்டேன்னா லைட்டு எதுக்கு?"

பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்தவள். கை பாட்டுக்குப் பெட்டியை அடைக்கும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கண் வாசலில் இருக்கும். தெரிந்த கைக்கு வெளிச்சம் வேண்டாம். தெரியாத கைக்கு எத்தனை கலர் வெளிச்சம் வைத்தாலும் வேலை ஓடாது.

என் முந்தானையை எடுத்துக் கீபோர்டு மேலே போட்டேன். "இப்ப அடி, பாப்போம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பா கோபமா, இருட்டில் தெரியவில்லை. கையை முந்தானைக்கு அடியில் விட்டு அடிக்கத் தொடங்கினாள். துணி வழியாகச் சிவப்பும் பச்சையும் கசிந்தன. நான் திரையில் எழுத்துக்கூட்டினேன். வ, ட, க், கு. வடக்கு. போன் போட்டோவிலும் வடக்குதான். அடுத்த சொல்லும் சரி. அதற்கடுத்ததும் சரி.

"பாத்தியா" என்றேன். "லைட்ட மூடுனாலும் ஓடுது. அப்ப இது வேடிக்கைதான்."

"பொறுங்க அத்த, இன்னும் சர்வே நம்பர் வரலை."

வந்தது. போட்டோவில் முன்னூற்று நாற்பத்தேழு. திரையில் முன்னூற்று நாற்பத்தெட்டு விழுந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எழுத்துக்குத்தான் வெரல் பழகிருக்கு. நம்பரு மேல் வரிசையில இருக்குலா, அதுக்கு எட்டிப் போகும்போது ஒண்ணு தள்ளிப் போயிரும். இப்பப் பாருங்க, பக்கத்துக் காட்டுக்காரன் நெலம் இந்தப் பத்திரக்காரரு பேருக்கு வந்துட்டு."

எனக்குச் சந்தேகம். வழக்கில் ஜெயிக்க வேண்டுமென்றே தப்பாக அடித்தாளோ? இன்னொரு நம்பரைக் காட்டி அடிக்கச் சொன்னேன். அது சரியாக விழுந்தது. இன்னொன்று. அது தப்பு. முந்தானையை எடுத்துவிட்டு அடிக்கச் சொன்னேன். கண் ஒரு தடவை கீழே போய்வந்தது. எல்லாம் சரி. வேண்டுமென்று செய்கிறவள் நடுவில் ஒன்றைச் சரியாக அடிப்பாளா என்று யோசித்தேன். கெட்டிக்காரியாக இருந்தால் அடிப்பாள். இவள் கெட்டிக்காரி. அதுதான் தொந்தரவு.

நான் விடவில்லை. "ஒரு குட்டி பல்ப மாட்டிக்கிட்டா போதாதா?" என்று கேட்டு, சாமி படத்துக்கு எரிகிற சின்ன பல்பை எடுத்துவந்து சுவரில் சொருகினேன். கட்டிலில் மகன் புரண்டான். "யாருட்டி, லைட்ட அமத்து" என்று போர்வையைத் தலைவரை இழுத்தான். உடனே பிடுங்கிவிட்டேன். ராத்திரி பூராவும் மிஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவன். தலைமாட்டில் கலர் ஓடியும் அசையாமல் கிடந்தவன் அந்த மஞ்சள் பல்புக்கு முழித்துக்கொண்டான்.

"முன்னறையில வந்து உக்காந்து அடிக்க வேண்டியதுதான?"

"அங்கன நீங்களும் டிவியும்லா இருக்கீக."

அதை நான் காதில் வாங்கவில்லை. "சரி, நம்பரப் பாக்க வெள்ளை லைட்டு போதும்லா. அது ஏன் கலர் கலரா ஓடணும்?"

அவள் எதையோ அமுக்கினாள். ஓட்டம் நின்று பலகை முழுக்க ஒரே நீலமாக எரிந்தது. அப்படியும் வைக்கலாமாம்.

"அப்ப ஓட விடுதது யாருக்காக?"

"எனக்காகத்தான்."

"எதுக்கு?"

"பகல் பூரா இருட்டுக்குள்ள உக்காந்திருக்கேம்லா அத்த."

முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பின்னால் கதவைச் சாத்தும்போது பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. அவள் ஓட விடவில்லை.

ஆயுத பூசை வந்தது. மில்லுக்கு லீவு. முன்னறையைக் கழுவி, சாமான்களை வரிசையாக அடுக்கி, சந்தனம் குழைத்தேன். மருமகள் தேங்காய்ச் சில்லு கீறிக்கொண்டிருந்தாள். அவள் தன் சாமானைக் கொண்டுவரவும் இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அந்த ரோசம் எனக்குப் பிடித்திருந்தது; ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. பொரியும் கடலையும் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள். நான் மிக்சி வரைக்கும் பொட்டு வைத்துவிட்டு, உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"ஏட்டி, அதையும் கொண்டா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்துவந்தாள். வயரைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பாக, சப்பென்று இருந்தது.

"சந்தனத்தத் தண்ணியா வைக்காதீக அத்த. உள்ள எறங்குனா பட்டன் பிடிச்சுக்கிடும்."

சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மருந்தடிக்கிற மிஷினுக்கு நான் எத்தனை வருசமாக வைக்கிறேன். சந்தனத்தைக் கெட்டியாக உருட்டி, பட்டன் எதிலும் படாமல், எண் வரிசைக்கு மேலே இருந்த ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம்.

"இது நம்பருக்குத்தான். கலருக்கு இல்ல, பாத்துக்க."

மருமகள் திரும்பப் போய்த் தேங்காய் கீற உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன மைனி, டான்ஸு லைட்டுக்கெல்லாம் பொட்டா?"

"டான்ஸு இல்லட்டி. அவ வேலைக்கு வேணும்" என்றேன்.

தேங்காய் கீறுகிற சத்தம் நின்றது. அப்புறம் முன்னைவிட வேகமாகக் கேட்டது.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். பொட்டு வைத்த சாமானுக்கு அன்று ஓய்வு. மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. இதுவும் என் வீட்டுச் சட்டம்தான். மத்தியானம் மருமகள் போன் அடித்தது. பத்திரம் எழுதுகிறவர். நாளை மறுநாளைக்கு ஒரு பத்திரம் அவசரமாம்.

"இன்னைக்கு ஏலாது அண்ணாச்சி. எங்க அத்த பொட்டு வச்சிட்டாவ. நாளைக்குத்தான் தொடணும்."

அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். சொல்லிவிட்டு மின்விசிறியைப் போட்டு, முன்னறையில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, தரையில் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு இன்றைக்கும் தீராத சந்தேகம் அதுதான். பூசைக்கு மதிப்புக் கொடுத்து அப்படிச் சொன்னாளா, ஒரு நாள் ஓய்வு கிடைக்குமென்றுதான் என்னிடம் இத்தனை நாள் வாயாடினாளா? எதுவாக இருந்தாலும், பொட்டு வைத்த கை என் கை. அவளை இனிக் காட்டுக்குக் கூப்பிட முடியாது. விதைப்புக்கு வேறு ஆள் சொல்ல நான்தான் போக வேண்டும்.

செருப்பை மாட்டுமுன் பூசை வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அரிவாளுக்கும் மிக்சிக்கும் நடுவில், வயர் சுற்றியபடி, பொட்டோடு இருந்தது. இருந்தாலும் உள்ளறைக் கதவுக்கு அடியில் கலர் ஏதும் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினேன்.