ஹாரன் இல்லாத கார்

பிள்ளைகளே, இராஜாக்கமங்கலம் பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்தில் ஒல்லியான ஒரு பையன் இருந்தான். கோயம்புத்தூரில் கார் ரேஸ் பயிற்சிக்குப் போய், தேர்வாகாமல் திரும்புகிறவன். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவன் உள்ளங்கை முழங்காலை அழுத்தியது.

"என்ன மக்கா, கால் வலிக்கா?" என்று கேட்டேன்.

"ஹாரன் அடிக்கேன் அண்ணாச்சி. மீன் வண்டி ஓட்டிப் படிச்ச கையில்லியா? ரேஸ் காருல ஹாரனே கிடையாது. ஆனா வளைவு வந்தா என் கை ஸ்டியரிங்கை விட்டுட்டு ஹாரனைத் தேடும். 'கல்யாண ஊர்வலத்துக்கா வந்தே?'ன்னு அங்க எல்லாரும் கேலி பண்ணினாவ."

"அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்லா?"

"வயசு தாண்டிரும். இதுதான் கடைசி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இறங்கும்போது, "வீட்டுல கார் சரியில்லன்னு சொல்லிருவேன்," என்றான்.

அவனுக்கு என்ன ஆறுதல் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசித்துப் பார்க்கிறேன்.