மைக்கில் சொன்ன மூடுபனி

தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியைத் தடுக்க, மலைச்சரிவில் செயற்கை மூடுபனி போடும் கருவி ஒன்றை நானும் தங்கச்சியும் செய்தோம். இரண்டு பேரும் தலவாக்கலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த எஞ்சினியர்கள். நாங்கள் இன்னும் காப்புரிமை பதியவில்லை; அதைப் பதியும் உரிமையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விலைக்குக் கேட்டது. தராவிட்டால் அதேபோல ஒன்றைத் தானே பதிந்துகொள்வதாகவும் சாடையாகச் சொன்னது. எங்கள் மலையில் மூடுபனி போட இவர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா? கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

முதலில் ஊரறியச் சொல்லிவிட்டால் பிறகு நாங்கள் உட்பட எவரும் அதைத் தனதென்று பதிய முடியாது என்றார் வக்கீல். எங்களுக்கு ஊர் கூடுவது மாரியம்மன் திருவிழாவில்தான். அன்னதான அறிவிப்பு முடிந்ததும் தங்கச்சி மைக்கை வாங்கி, குழாயின் அளவிலிருந்து பம்பின் அழுத்தம்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"மெதுவா சொல்லு புள்ள, எழுதிக்கிறோம்ல!" என்று கூட்டத்தில் ஓர் அக்கா சத்தம் போட்டார். நான் முழுவதையும் வீடியோ எடுத்து அன்றே இணையத்தில் போட்டேன்.

அடுத்த தையில், மேகமே இல்லாத ஒரு விடியலில், கொட்டகலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்மலையில் ஒரு சரிவில் மட்டும் எங்கள் மூடுபனி நின்றது. யார் போட்டார்களோ, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.