இரும்புக் குழாயும் ஈரத் தரையும்

தொண்ணூறுகளின் நடுவில், கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் நடந்தது இது. நான் காரைக்குடியில் பிளம்பர். ஏணியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்த நாளிலிருந்து, உயரத்தில் ஏறும் வேலை என்றாலே எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. ஏறாவிட்டால் பிழைப்பு ஏது? அந்தச் சமயம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் மச்சினன், அங்கெல்லாம் மாடி ஜன்னலைத் தரையில் நின்றே கழுவுகிறார்கள் என்றான். நீளக் கம்பு, உச்சியில் பிரஷ், கம்பு வழியாகவே தண்ணீர் ஏறி வருமாம்.

இது என்ன பெரிய வித்தை என்று, இரண்டு இரும்புக் குழாய்களைச் சாக்கெட் போட்டு இணைத்தேன். மேல் முனையில் பிரஷ், அடியில் என் சின்னத் தண்ணீர் மோட்டாரில் மாட்டிய ஹோஸ். முதல் வேலையும் உடனே கிடைத்தது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு, மறுநாள் கல்யாணம். மேல்வரிசைக் கலர் கண்ணாடியில் புறா எச்சமும் தூசியும் அப்பிக் கிடந்தன. "பச்சையும் சிவப்பும் பளிச்சுன்னு தெரியணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார ஆச்சி சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

தண்ணீர் ஏறியதும் குழாய் பிணமாகக் கனத்தது. அழுக்குத் தண்ணீர் கை வழியாக இறங்கி அக்குள் வரை நனைத்தது. அண்ணாந்து பார்த்தே கழுத்து விட்டுப்போனது. பத்து மணிக்குள் போதும்டா சாமி என்றாகிவிட்டது.

அதற்குள் சீரியல் செட் கட்டுகிறவர் வந்து, ஜன்னல்களுக்கு மேலே பல்பு மாலையைத் தொங்கவிட்டு, சரிபார்க்க எரியவும் விட்டார்.

"அண்ணே, லைட்டெல்லாம் நனையுது. செத்த நேரம் நிறுத்துங்க."

"முன்னாடி வந்தவன் நான். ஒன் வயரைத் தூக்கி அங்குட்டுக் கட்டுய்யா!"

கை வலியையெல்லாம் அந்த மனிதர்மேல் கத்தித் தீர்த்தேன். அவர் என்னையும் குழாயையும் ஒருமுறை பார்த்தார். நேரே உள்ளே போனார். பல்புகள் அணைந்தன. என் மோட்டாரும் நின்றது. அவர் பாட்டுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

கரண்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் போர்டைப் போய்ப் பார்த்தால், ஃபியூஸ் கட்டையே இல்லை. எரிச்சலில் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஹோஸைத் தொட்டிக் குழாயில் மாட்டினேன்; மாடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் மெலிதாக வந்தது. அதை வைத்தே கழுவினேன்.

கடைசிக் கண்ணாடியில் கை ஓய்ந்துவிட்டது. குழாய் சாய்ந்து வயரில் சிக்கியது. நான் வெடுக்கென்று இழுக்க, ஒட்டுப்போட்ட இடம் பிய்ந்து, செம்புக் கம்பி குழாய்மேலேயே வந்து படிந்தது. செருப்பில்லாத கால், தரையெல்லாம் தண்ணீர், இரண்டு கையும் இரும்பில். ஐயோ, பிள்ளைகள்! அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. கையை எடுக்கக்கூட வரவில்லை.

ஒன்றும் ஆகவில்லை.

வாசலில் சைக்கிள் சாய்கிற சத்தம். அவர்தான். ஓடிவந்து குழாயைப் பிடுங்கிப் போட்டார். நான் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினார்.

"இரும்பைத் தூக்கிக்கிட்டு ஈரத்துல நிக்கிறீக. இங்குட்டு வச்சுட்டுப் போனா நீங்களே திரும்பப் போட்டுருவீகன்னுதான் எடுத்துட்டுப் போனேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

"சொன்னாக் கேக்குற மொகமாவாண்ணே இருந்துச்சு?"

சைக்கிளில் மாட்டியிருந்த தூக்குவாளியில் எனக்கும் சேர்த்து டீ இருந்தது. பாதியை மேலே கொட்டிக்கொண்டு மீதியைக் குடித்தேன்.

இப்போதும் குழாயைத் தூக்குவதற்கு முன் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி என் பையில் போட்டுக்கொள்கிறேன். யார்மீதாவது கோபம் பொங்கி வரும்போது, அன்று நான் திட்டியது காதில் விழாத தூரத்தில், என் உயிரைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் எனக்கு டீ வாங்கிக்கொண்டிருந்தார் என்பது ஞாபகம் வரும். அதற்குமேல் வாய் எழுவதில்லை.