எமெலேவின் முப்பது நாள்

ஐம்பத்திரண்டாவது வயதில் எமெலேவுக்குக் கட்டிய புருஷனோடு ஒரு மாதம் ஊர் சுற்றவேண்டும் என்று தோன்றியது. தோன்றியதை அவள் அடக்கிவைக்கவில்லை. சமோவாவில் எங்கள் சவாயீ தீவில் சாவுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், சர்ச் திறப்பு என்றால் சீர் கொடுக்கப் பன்றியும் பாயுமாக நாற்பது பேர் கிளம்பலாம். சும்மா போவது என்று ஒன்று கிடையாது. அதிலும் ஒரு பெண், புருஷனை மட்டும் கூட்டிக்கொண்டு.

அந்த ஆசை அவளுக்குப் படகுத்துறையில் வந்தது. அங்கே இருபது வருஷமாக வாழைப்பழ போண்டாவும் அவித்த முட்டையும் விற்கிறாள். ஒருநாள் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று படகுக்குக் காத்திருந்தது. இருவரும் அவளைவிட மூத்தவர்கள். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பையில் தலைவைத்துத் தூங்கினாள். அவர் புத்தகம் படித்தார். பசித்தபோது எழுந்துவந்து தனக்கு ஒரு முட்டை வாங்கித் தின்றார். பிறகு அவள் எழுந்துவந்து தனக்கு ஒன்று வாங்கினாள். யாரும் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. எமெலே சில்லறை கொடுக்க மறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் அண்ணன் தம்பிக்கு மேலே இருப்பவள் கூடப்பிறந்தவள். அவள் சொல்லைத் தட்டினால், அவள் மனம் நொந்தால், அவனுடைய பிள்ளைகளுக்கு ஆகாது. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருகிறவள் எல்லாருக்கும் கீழே. நாத்தனார்கள் உட்கார்ந்தால் அவள் எழுந்திருக்க வேண்டும். கை கழுவத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அவர்கள் சாப்பிடும்வரை பக்கத்தில் நின்று ஈ விரட்ட வேண்டும். மிச்சமிருந்தால் கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடலாம். எமெலே இருபத்துமூன்று வயதில் ஆப்பேலுவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவனுக்கு நான்கு சகோதரிகள். மூத்தவள் செஃபீனா.

நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிபோனார்கள். தொல்லை விட்டது என்று நினைத்தால் தொல்லைக்கு விமானம் கிடைத்ததுதான் மிச்சம். எமெலே மூன்று முறை ஆக்லாந்து போய்வந்திருக்கிறாள். அங்கே அவள் பார்த்தது மூன்று சமையலறைகள்.

ஆகவே அவள் ஆப்பேலுவிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். "உங்க அக்கா தங்கச்சி ஒருத்தர் வீடுகூட இல்லாத ஊராப் பாருங்க."

ஆப்பேலு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவனும் நிறுத்திக்கொண்டான். ஆப்பேலு ஊர்ச் சபையில் குடும்பத் தலைவன் பட்டத்தோடு உட்காருகிறவன்; கோலை ஊன்றி நின்றால் இரண்டு மணி நேரம் பேசுவான். ஆனால் பெண்டாட்டி ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அவனால் தாங்க முடியாது. நியூசிலாந்தின் தென் தீவு என்று முடிவாயிற்று. அங்கே குளிர், மலை, ஆடு. உறவு யாரும் இல்லை. அவள் சேர்த்துவைத்த பணத்தில் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வேனை முப்பது நாளுக்கு வாடகைக்குப் பேசினார்கள். செஃபீனாவிடம் சொல்லிவிடும் பொறுப்பு ஆப்பேலுவுடையது. சொல்லிவிட்டேன் என்றான்.

கிளம்பும்போதே அவள் கணக்காகச் சொல்லியிருந்தாள். இந்த முப்பது நாளும் நான் யாருக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

சொல்வது சுலபமாக இருந்தது. முதல் நாள் காலையில் அவன் டீ போடுகிறேன் என்று அடுப்பைப் பற்றவைக்கத் தடுமாறியபோது அவளுக்குக் கை பரபரத்தது. போர்வைக்குள் கைகளை மடித்துவைத்துக்கொண்டாள். டீயில் உப்பு விழுந்திருந்தது. குடித்தாள். மூன்றாம் நாள் வேனை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு இருவரும் கல்லில் உட்கார்ந்தபோது, என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் சுற்றிலும் பத்துப் பேர் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. முதலில் ஊரில் விட்டுவந்த பன்றிகளைப் பற்றிப் பேசினார்கள். அது தீர்ந்ததும் ஆப்பேலு, தனக்குச் சின்ன வயதில் கப்பல் வேலைக்குப் போக ஆசை இருந்ததைச் சொன்னான். எமெலேவுக்கு அது புதிய செய்தி. மலை முழுக்க வெள்ளையாக இருந்தது. தென்னையே இல்லாத ஒரு நாட்டில் ஜனங்கள் எதை வைத்துக் குழம்பு வைக்கிறார்கள் என்று அவன் கவலைப்பட்டான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேறு எதை விட்டாலும் சர்ச்சை விட எங்கள் ஆட்களால் முடியாது. தங்கள் ஆட்கள் இருக்கும் ஊராக இருந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, ஆட்டுக்கறி ஆலை ஒன்றைத் தவிர எதுவுமே இல்லாத சின்ன ஊரில் நிறுத்தினார்கள். வெள்ளைக்காரர்களின் சர்ச். ஆப்பேலு வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, வெள்ளை வேட்டி எல்லாம் உடுத்திக்கொண்டுதான் போனான். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால், அதே சர்ச்சில் அடுத்த ஆராதனைக்கு எதிரே வந்துகொண்டிருந்தவர்கள் அறுபது சமோவாக்காரர்கள். அந்தக் கறி ஆலை யார் கையால் ஓடுகிறது என்பதை இவர்கள் இருவருமே யோசிக்கவில்லை.

வேட்டியைப் பார்த்ததும் போதகர் நின்றுவிட்டார். எந்தத் தீவு, எந்த ஊர், என்ன பட்டம் என்று முறைப்படி கேட்டார். பட்டம் உள்ளவன் அதை மறைப்பது செத்துப்போன தாத்தாக்களை மறைப்பதற்குச் சமம். ஆப்பேலு சொன்னான். சொன்னதோடு நிற்கவில்லை, அரை மணி நேரம் பேசினான். கூட்டத்தில் நின்ற ஒரு பெண் அதை முழுக்கப் போனில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே போன் வந்தது. எமெலே பக்கத்தில் இருந்ததால் அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் கேட்டது. அடுத்த மாசம் வர்றோம்னு சொன்னியேடா, என்று செஃபீனா கேட்டாள். ஆப்பேலு வேனின் கூரையைப் பார்த்தான்.

போனை வைத்ததும் எமெலே கேட்டாள், "சொல்லிட்டேன்னு சொன்னீங்க."

"சொல்லத்தான் போனைப் போட்டேன். அக்கா குரலைக் கேட்டதும் வேற மாதிரி வந்துடுச்சு."

"சபையில ரெண்டு மணி நேரம் பேசுற வாய்தானே இது?"

அவன் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். எங்கே தங்கப்போகிறோம் என்பதையும் அக்காவிடம் சொல்லிவிட்டான் என்பது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் செஃபீனா வந்தாள். விமானம் ஏறி, பஸ் பிடித்து, ஏரிக்கரைக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாகத் துப்புரவு வேலை பார்க்கிறவள். முழங்கால் இரண்டும் போய்விட்டது. வேனின் படியில் ஏற ஆப்பேலு கைகொடுத்தான். அவள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

எதிர் இருக்கையில் எமெலே இருந்தாள். அவளுடைய முழங்கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. இருக்கையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

செஃபீனா காத்திருந்தாள். சுகமா என்று கேட்டாள். சுகம் என்றாள் எமெலே. மறுபடியும் காத்திருந்தாள்.

"இந்த வண்டியில தண்ணி கிடைக்குமா?"

"குழாய் உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு மதினி."

வேனுக்குள் யாரோ அறைந்துவிட்டதைப் போல இருந்தது. ஆப்பேலு குதித்தெழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தான். தீக்குச்சி விரலைச் சுட்டது.

"உக்காருடா. பட்டம் வாங்கினவன் டீ போடுறதைப் பார்க்கவா நான் பிளேன் ஏறி வந்தேன்?"

"பன்னெண்டு நாளா அவர்தான் போடுறாரு மதினி. மொதல்ல உப்பைப் போட்டாரு. இப்பத் தேறிட்டாரு."

செஃபீனா தம்பியை மட்டும் பார்த்து, வந்த காரியத்தைச் சொன்னாள். சனிக்கிழமை அவர்களுடைய சர்ச் மண்டபம் திறக்கிறார்கள். முந்நூறு பேர் வருவார்கள். குடும்பத்தின் சார்பில் ஆப்பேலு பேச வேண்டும். சமையலுக்கு எமெலே தலைமை. கீரையில் தேங்காய்ப்பாலைப் பொதிந்து வேகவைப்பதற்கு அவளைப் போல ஆக்லாந்தில் ஆள் இல்லை. டிக்கெட் மூன்று பேருக்கும் எடுத்தாயிற்று.

"நான் வரலை மதினி."

"நான் அவன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"அவரால உங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியாது. அதான் நான் சொல்றேன்."

"உங்க வீட்டுக் கூரை யார் போட்டது?"

"நீங்க. ராத்திரி வேலை பார்த்து அனுப்பினீங்க, மறக்கலை. அந்தக் கூரைக்குக் கீழ உங்க அம்மாவையும் அப்பாவையும் சாகுறவரைக்கும் குளிப்பாட்டினது நான். அதுக்கு நான் எதுவும் கேட்கலை. இந்த முப்பது நாளைத்தான் கேட்கிறேன்."

செஃபீனா குரலை உயர்த்தவில்லை. "கூடப் பிறந்தவ மனசு நொந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமில்ல?"

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆப்பேலு அடுப்பை அணைக்கவில்லை. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். நடுவிலவள் மாசமாக இருந்தாள். இந்த இடத்தில்தான் எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் எழுந்துவிடுவார்கள்.

"தெரியும் மதினி. சபிக்கிறதா இருந்தா என்னைச் சபிங்க. பிள்ளைங்களை விடுங்க."

செஃபீனா தம்பி நீட்டிய டீயை வாங்கிக் குடித்தாள். சர்க்கரை பத்தவில்லை என்றாள். கோப்பையை வைத்துவிட்டு, கிளம்புடா என்றாள்.

ஆப்பேலு கிளம்பினான். வேறு எப்படி நடந்திருக்கும்? படியில் நின்று பெண்டாட்டியிடம், "அஞ்சு நாள்ல வந்துடுவேன். இங்கேயே இரு" என்றான்.

"இருக்க மாட்டேன். நான் போயிட்டே இருப்பேன். எங்க இருக்கேனோ அங்க வாங்க."

அவர்கள் பஸ் கண்ணுக்கு மறையும் முன்பே அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஊரில் கிழங்கு மூட்டை ஏற்றிப் பழகிய கை, ஓட்டுவதற்கு அஞ்சவில்லை. மற்றதற்கெல்லாம் அஞ்சியது. பிறந்ததிலிருந்து அவள் ஓர் அறையில் தனியாக இருந்ததில்லை. இரண்டு நாள் விடாமல் மழை. டப்பா மீனும் ரொட்டியும் தின்றாள். இரண்டாவது நாள் வண்டியைத் திருப்பி விமான நிலையத்தை நோக்கிப் பத்து மைல் ஓட்டிவிட்டு, ஓர் ஆட்டுமந்தை சாலையை மறித்தபோது நின்று யோசித்தாள். மந்தை கடந்ததும் மறுபடியும் தெற்கே திருப்பினாள். மகள் போனில் அழுதாள். அப்பாவை விரட்டிவிட்டாயாமே என்று ஊரே பேசுகிறதாம்.

"ஆமா. சாவியும் என்கிட்டதான் இருக்கு" என்றாள் எமெலே. "நீ அழாதே, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. உனக்கு ஒண்ணும் வராது. வந்தா எனக்குத்தான் வரும், சொல்லிவச்சிருக்கேன்."

தீவின் தென்கோடியில், அதற்குமேல் சாலையே இல்லாத துறைமுகத்தில், ஐந்தாம் நாள் ஆப்பேலு அவளைக் கண்டுபிடித்தான். இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு மீன் வண்டியில் ஏறி வந்திருந்தான். பட்டக்காரனின் வெள்ளை வேட்டியில் செதில் ஒட்டியிருந்தது. அவள் அலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மண்டபத்தில் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள் என்றான். கீரை கருகிவிட்டதாம். பேச எழுந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், சம்சாரம் எங்கே என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"தென்கோடிக்குப் போயிருக்கா, நானும் அவகூடத்தான் இருந்திருக்கணும்னு சொன்னேன்."

"யார்கிட்ட? அந்தப் பெரியவர்கிட்டயா?"

"மைக்குல."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டாள். அக்கா அதற்குப் பிறகு பேசவில்லை. விமான நிலையத்துக்குத் தனியாகத்தான் வந்தானாம். எமெலே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல வேலை செய்தீர்கள் என்றெல்லாம் சொல்லவில்லை.

மிச்ச நாட்களில் மேற்குக் கரை முழுவதையும் பார்த்தார்கள். பாதிநாள் வழிக்காகச் சண்டை போட்டார்கள். வரைபடத்தை அவன் தலைகீழாகப் பிடித்தான், தப்பென்று அவள் ஒப்புக்கொள்ள மறுத்த திருப்பங்கள் மூன்று. பனிப்பாறை அருகே அவன் தன் கையுறைகளைத் தொலைத்தான். இருவரும் அவளுடைய ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

முப்பதாம் நாள் ஆக்லாந்தில் விமானம் மாற வேண்டும். நடுவில் ஏழு மணி நேரம். யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்து ஆப்பேலு பைகளை வைத்தான்.

"மதினி வீடு எவ்வளவு தூரம்?"

"எதுக்கு?"

"இன்னைக்கு முப்பதாவது நாள். இன்னும் முடியலை."

வேலை முடிந்து வந்த நீலச் சீருடையோடுதான் செஃபீனா கதவைத் திறந்தாள். வழிவிட்டாள். கதவுக்கு இடப்பக்கம் சமையலறை. எமெலே அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்னறைக்குள் போனாள். பூ வேலை செய்த உறை போட்ட சோபா ஒன்று சுவரோரம் இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

"அது போதகர் உட்கார்ற இடம்" என்றாள் செஃபீனா.

"தெரியும் மதினி. போன தடவை அந்த உறையைத் துவைச்சது நான்தானே."

ஆப்பேலு வாசல்மிதியில் நின்றான். அக்காவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு வந்து எமெலேவின் பக்கத்தில் உட்கார்ந்தான். செஃபீனா கைகளைக் கட்டிக்கொண்டு எதிர் நாற்காலியில் அமர்ந்தாள். மகள் மாசமாக இருக்கிறாளாமே, எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றாள் எமெலே. நல்லது என்றாள் செஃபீனா.

மூன்று பேருக்கும் பசித்தது. அடுப்படியில் சோறு இருந்தது, வாசனை வந்தது. டாக்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எமெலே சாய்ந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்ட கால்களை முன்னால் நீட்டிக்கொண்டாள்.