மூடிக்குள் ஒரு வட்டம்

ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் அவருக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பெயர். கைக்கடிகாரத்துக்கு செல் மாற்றுகிறவர். யார் வந்து நின்றாலும் நிமிராமலே “ரெண்டு நிமிஷம்” என்பார்; சொன்னபடி முடித்தும் கொடுத்துவிடுவார். காலைக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவருடைய வழுக்கை தெரியும், முகம் தெரியாது.

“என்ன ரெண்டு நிமிஷம், வாய்க்கும் செல் தீந்துபோச்சா?” என்று எதிரில் போன் கவர் விற்பவர் சீண்டுவார். இவர் சிரித்து வைப்பார். அதைத் தவிர வேறு பேச்சே இல்லாத நாட்கள் உண்டு. அறையில் ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர்.

அந்தப் பெயர் குத்தும் என்பது கவர்காரருக்குத் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால், அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது அண்ணன் போன் செய்தார். “ரெண்டு நிமிஷம்ணே, ஒரு வாட்ச் கையில இருக்கு” என்றார் இவர். ஒரு வாட்ச் மூன்றானது. போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

“இனிமே என் வாசல்ல கால் வைக்காத,” என்றார் அண்ணன். இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். மறுமாதமே அண்ணன் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று காலை ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். “அண்ணா, ரயில்ல வரும்போதே நின்னுபோச்சு. ட்யூட்டிக்கு நேரமாச்சு.”

“ரெண்டு நிமிஷம் சிஸ்டர்.”

மெல்லிய கத்தியை விட்டு மூடியைத் திறந்தார். செல் மாற்றினால் மூடியின் உள்பக்கம் ஊசியால் தேதியைக் கீறுவது தொழிலில் வழக்கம். இதிலும் இருந்தது: இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் சின்ன முக்கோணம்.

கை நின்றுவிட்டது. முக்கோணம் அண்ணன் போடுவது. யார் செய்த வேலை என்று தெரிய, இவர் வட்டம் போடுவார்.

“இதை... எங்க மாத்தினீங்க?”

“எங்க வீட்டுப் பக்கம், கோர்ட்டுக்கு எதிர்ல. போன மாசம்கூட அங்கதான் ஸ்ட்ராப் போட்டேன். தலையெல்லாம் வெள்ளை, உம்முனு உக்காந்திருப்பார். ஒரு ஆள் துணைக்கு இல்ல. பாவம்.”

இருக்கிறார். கோர்ட்டுக்கு எதிரில். ஆனால் வாசலில் கால் வைக்கக் கூடாது. கால்தானே வைக்கக் கூடாது? ஊசியை எடுத்தார். முக்கோணத்துக்குக் கீழே இன்றைய தேதி, பக்கத்தில் வட்டம்.

புது செல் போட்டால் மூன்று வருஷம் ஓடும். மூன்று வருஷம் யாரும் அந்த மூடியைத் திறக்கமாட்டார்கள். கழற்றிப் போட்ட பழைய செல்கள் டப்பாவில் கிடந்தன. கொஞ்சம் உயிர் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு தேறும். அதைப் போட்டால் பத்து நாள். வீட்டில் இருக்கும்போது வாட்ச் நின்றுபோகும், திட்டிக்கொண்டே கோர்ட்டுக்கு எதிரில் போவாள்.

டப்பாவில் கையை விட்டார். மீட்டரில் வைத்துப் பார்த்து ஒன்றைப் பொருத்தினார். முள் நகர்ந்தது.

“அப்பாடா! இது இல்லேன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. பல்ஸ் பாக்கணும்ல? போன தடவை வார்டுல நின்னுபோய், ஒரு தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சேன்.”

அவர் இடுக்கியை மறுபடி எடுத்தார்.

“இன்னும் முடியலையா?”

“இது சரியில்ல சிஸ்டர்.”

பழையதை எடுத்துவிட்டு, அட்டையிலிருந்து புதிதைப் பிய்த்துப் போட்டு மூடியை அழுத்தினார். டக்.

“மூணு வருஷம் ஓடும். அப்புறம் இங்க வராதீங்க.”

“ஏன், கடையைக் காலி பண்றீங்களா?”

“இல்ல. அவர்கிட்டயே குடுங்க.”

“வர்ற ஆளை விரட்டுற கடைக்காரரை இப்பத்தான் பாக்குறேன்!” சிரித்தாள். “தெரிஞ்சவராண்ணா?”

 அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த ரயிலின் கூட்டம் இறங்கி, அவளைப் படிவரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் முதுகுகள்.

மூன்று வருஷம். அண்ணனுக்கு அறுபத்தெட்டு ஆகும். அதுவரைக்கும் அவர் இருக்க வேண்டும், அந்தக் கடை இருக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

வேறொரு கை வாட்சை நீட்டியது. “எவ்வளவு நேரமாகும்?”

“தெரியலைங்க,” என்றார். “உக்காருங்க.”