கம்பளி போர்த்திய சவர்க்காரம்

உறைந்த தேங்காயெண்ணெய் அடுப்பருகே இளகும் வாசனை. அதில் ஊறிய ரோஜா இதழ்களின் மணம். இரண்டுக்கும் மேலே ஈரக் கம்பளியின் வாடை. இவை மூன்றும் கலந்து எந்த வீட்டில் வந்தாலும் என் கால்கள் நின்றுவிடுகின்றன. உள்ளே அக்கா இருப்பார் என்று மனம் இன்னும் நம்புகிறது.

பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அம்மா படுக்கையில் விழுந்தபோது தன் பள்ளிக்கூடப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, கொழுந்துக் கூடையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். மணமாகிச் சில காலத்திலேயே மச்சான் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் மகள் ரேணுகாதான் அக்காவின் உலகம்.

அந்த ரேணுகா வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பதிந்துவிட்டு வந்து நின்ற நாளில் அக்கா அழவில்லை, தடுக்கவில்லை. கோயில் மண்டபத்து வகுப்பில் கற்ற பூச்சவர்க்காரத்தை, அந்த ரோஜா சோப்பை, வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். நாங்கள் நானா என்று அழைக்கும் ஹட்டன் முஸ்லிம் கடைக்காரர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "பிளேனுக்கு முந்தி சவக்காரம் கடைக்குப் போச்சுன்னா நான் நிக்கிறேம்மா" என்றாள் ரேணுகா. தாய்க்கும் மகளுக்கும் அதுவே பேச்சு.

அது பனி இறங்கிய மாதம். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் ஒன்றோடொன்று சேருமுன்பே குளிரில் எண்ணெய் தானாக உறைந்தது. பதம் வந்துவிட்டதென்று நம்பி அக்கா அச்சுத் தட்டில் ஊற்றினார். வெட்டினால் அடியில் காரத் தண்ணீர்; தட்டு முழுதும் வீண். சமவெளியில் கற்றுத்தருபவர்களுக்கு எங்கள் மலைக்குளிர் தெரியாது. அடுத்த தட்டை அக்கா அடுப்பருகே வைத்து, மழையில் தான் போர்த்திப்போகும் கம்பளியால் சுற்றினார்.

நானா விடுவாரா? "என்னா தங்கச்சி, சவக்காரத்துக்கும் கம்பளி போத்துறீங்களாமே! எங்க வீட்டுல எனக்கே அந்தக் கவனிப்பு இல்ல."

"ஒரு மாசம் அசையாமக் கெடங்க நானா, ஒங்களுக்கும் போத்துவாங்க."

சவர்க்காரத்தின் காரம் அடங்க அந்த ஒரு மாதம் வேண்டும். அது முடியுமுன் ரேணுகாவின் பயண நாள் வந்துவிட்டது.

"கெட்டியாத்தானேம்மா இருக்கு, குடுத்துருங்க."

"மேல கெட்டி. உள்ள காரம் இருக்கு. எவ பெத்த புள்ள ஒடம்புலயோ படப்போகுது."

மகள் பெட்டியைத் தூக்கினாள். பஸ் வளைவில் மறையும்வரை அக்கா கையசைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, கம்பளியை இழுத்துச் சரிசெய்தார்.

காரம் அடங்கியபின் அந்தச் சவர்க்காரம் கடையில் தங்கவே இல்லை. நானா மேலும் மேலும் கேட்டார். வாசனையை நுகராமலேயே அக்கா துண்டுகளைத் தாளில் சுற்றினார். முதல் தட்டு மட்டும் கெடாதிருந்தால் என்று எத்தனை முறை எண்ணியிருப்பேன்! பனிக்கு என்ன தெரியும், ஒரு பெண் வீட்டில் நிற்பதும் போவதும் தன்னால் என்று?

அக்காவின் மூச்சு தளர்ந்தபோது மழையில் அவரைத் தார்வீதிவரை சுமந்த லயத்துச் சொந்தங்களுக்கும், வைத்தியசாலையில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், கடையை மூடிவிட்டு வந்து வாசலில் நின்ற நானாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இறுதி ஊர்வலத்துக்கு வர முடியாத ரேணுகா இன்று கருமாதிக்கு வந்திருக்கிறாள். திரும்பிப் போகும் டிக்கட்டும் அவளிடம் இருக்கிறது. அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்னதை அவளிடம் நேரில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இந்த நினைவுமலரில் எழுதுகிறேன்.

"போகாதடின்னு நான் ஒரு வாட்டிகூட வாயத் தொறந்து சொல்லலடா தம்பி. சவக்காரம் அவள நிப்பாட்டிரும்னு இருந்துட்டேன். புள்ள வந்தா, போக வேணாம்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லு."